நிலத்திலுள்ள சத்தும் பயிருக்குக் கிட்டும் சத்தும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. வயலிலே போடும் உரத்திற்கு இம்மொழி பன்மடங்கு பொருந்தும். அளந்து போடுவதென்றால், எத்தனை மூட்டை போடுகிறோம் என்று எண்ணினால் மட்டும் போதாது. நிலத்தில் முன்னரே எவ்வளவு இருக்கிறது என்பதையும் அறிதல் வேண்டும். பக்கத்து வயற்காரர் இட்டதைப் பார்த்து நாமும் இடுவதும், சென்ற ஆண்டு இட்டதையே இவ்வாண்டும் இடுவதும் அளந்து போடுவது ஆகா. சத்து மிகுந்த வயலில் பணம் வீணாகிறது. சத்துக் குறைந்த வயலிலோ பயிர் ஏங்கி நிற்கிறது. இவ்விரண்டும் ஒரே ஊரில், ஏன், ஒரே உழவரின் இரு வயல்களில் நிகழ்வதுண்டு.

இதற்கு மாற்றாக அமைந்ததே மண் பரிசோதனை. நம் நாட்டில் 1955-56ஆம் ஆண்டில் மண் பரிசோதனை நிலையங்கள் திட்டமிட்டு நிறுவப்பெற்றன. 2015ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கப்பெற்றது. இன்று நம் ஊர்களில் பலரிடம் அந்த அட்டை இருக்கிறது. ஆயினும் அதிலுள்ள எண்கள் எவ்வாறு பெறப்படுகின்றன, அவற்றின் பொருள் யாது, எவ்வளவு தூரம் அவற்றை நம்பலாம் என்பவற்றை அறிந்தோர் சிலரே. அட்டை பெட்டியில் உறங்க, உரம் பழைய கணக்கிலேயே வயலுக்குச் செல்கிறது. ஆகவே, ஆய்வுக்கூடத்தில் நடைபெறும் வேலையை நாம் இங்கே முறையாகப் பயில்வோம்.

உள்ளதெல்லாம் உண்ணக் கிட்டுவதில்லை

ஒரு ஹெக்டேர் நிலத்தில் மேலே உள்ள 15 செ.மீ. ஆழத்து மண் ஏறத்தாழ 22,40,000 கிலோ எடை உடையது என்பது ஆய்வாளர் கொள்ளும் கணக்கு. அம்மண்ணில் நூற்றுக்கு ஒரு பங்கு பொட்டாசியம் இருப்பதாகக் கொண்டால், அது 22,400 கிலோ ஆகும். பயிருக்கு வேண்டியதோ இதில் மிகச் சிறு பங்கே. அவ்வாறாயின் சாம்பல் சத்து உரமே இடவேண்டியதில்லை அன்றோ என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விடை, அந்தப் பொட்டாசியம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒரு குடும்பத்தின் நெல்லை எண்ணிப் பாருங்கள். அடுப்படிப் பானையில் குத்திய அரிசி கொஞ்சம் இருக்கும். கூடத்துக் குதிரில் எடுத்துக் குத்தத்தக்க நெல் இருக்கும். பெரும்பகுதியோ பூட்டிய பத்தாயத்தில் இருக்கும். இன்றைய சோற்றுக்கு உதவுவது பானை அரிசி. இந்த மாதத்திற்கு உதவுவது குதிர் நெல். பத்தாயத்தின் சாவி நம் கையில் இல்லையெனில், அங்கே எவ்வளவு இருந்தும் பயன் இல்லை.

மண்ணிலும் இவ்வாறே. சத்தின் ஒரு மிகச் சிறு பகுதி மண்ணீரில் கரைந்திருக்கிறது. வேர் நேரே உறிஞ்சுவது இதனையே. மற்றொரு பகுதி களிமண் துகள்களின் மேலும் மக்கின் மேலும் தளர்வாக ஒட்டியிருக்கிறது. மண்ணீரில் சத்துக் குறையுந்தோறும் இப்பகுதி கரைந்து ஈடு செய்கிறது. எஞ்சிய பெரும்பகுதி கற்கனிமங்களின் உள்ளே அடைபட்டுக் கிடக்கிறது. அது வெளிவரப் பல ஆண்டுகள் ஆகும். முதல் இரு பகுதிகளையும் சேர்த்தே ‘பயிருக்குக் கிட்டும் சத்து’ என்கிறோம். மண் பரிசோதனையில் அளக்க முயல்வது இதனைத்தான். மொத்தச் சத்தை அன்று.

வேரின் வேலையைச் செய்யும் கரைசல்

கிட்டும் சத்தை எவ்வாறு பிரித்தெடுப்பது? மூலிகையிலுள்ள மருந்துப் பொருளைக் கஷாயமிட்டு இறக்குகிறோம். பச்சைத் தண்ணீரில் இறங்காதது கொதிநீரில் இறங்குகிறது. சிலவற்றிற்கு வேறு துணைப்பொருள் வேண்டியிருக்கிறது. ஆய்வுக்கூடத்திலும் மண்ணின் சத்தை ஒரு கரைசலில் இறக்கி, அக்கரைசலில் எவ்வளவு இறங்கியது என்று அளக்கின்றனர். கடுமையான அமிலத்தைப் பயன்படுத்தினால் பூட்டிய பத்தாயத்தையும் உடைத்து எடுத்துவிடும். வெறும் தண்ணீரைப் பயன்படுத்தினால் பானையில் உள்ளது மட்டுமே வரும். வேர் எடுக்கத்தக்க அளவினை ஒட்டி எடுக்கும் கரைசலைக் கண்டுபிடிப்பதே அறிஞர் முன் நின்ற கடமை.

1894ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பெர்னார்டு டையர் என்பார் இதற்கு ஒரு வழி கண்டார். பல செடிகளின் வேர்ச்சாற்றில் உள்ள புளிப்பை அளந்து, அதனை ஒத்த வலிமையுடைய கரைசலாக நூற்றுக்கு ஒரு பங்கு சிட்ரிக் அமிலத்தை எடுத்துக்கொண்டார். சிட்ரிக் அமிலம் என்பது எலுமிச்சையில் உள்ள புளிப்பே. ராதாம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் நெடுங்காலம் உரமிட்ட வயல்களும், உரமே இடாத வயல்களும் அருகருகே இருந்தன. அவ்வயல்களின் மண்ணில் தம் கரைசலைச் சோதித்துப் பார்த்தார். பயிர் விளைவால் தெரிந்த வேறுபாட்டைக் கரைசலும் காட்டுகிறதா என்று ஒப்பிட்டார். கரைசலை வயலோடு ஒப்பிட்டே நம்ப வேண்டும் என்னும் இக்கருத்து, அவர் எடுத்த அமிலத்தைவிட நெடுநாள் வாழ்ந்தது. இன்றும் மண் பரிசோதனையின் அடிப்படை இதுவே.

மணிச்சத்திற்கு இரு கரைசல்கள்

எல்லா மண்ணுக்கும் ஒரே கரைசல் பொருந்துமா? பொருந்தாது என்பதை மணிச்சத்தைக் கொண்டு தெளியலாம். மணிச்சத்து என்பது பாஸ்பரஸ். இது மண்ணில் தனித்து நிற்பதில்லை. யாரேனும் ஒருவரின் கையைப் பற்றிக்கொண்டே இருக்கும். கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சுண்ணாம்பு கலந்த கரிசல் மண்ணில் அது கால்சியத்தைப் பற்றி நிற்கிறது. நீலகிரியின் புளிப்பு மண்ணில் இரும்பையும் அலுமினியத்தையும் பற்றி நிற்கிறது. பிடித்த கை வேறாதலின், பிரிக்கும் வழியும் வேறாதல் வேண்டும்.

சுண்ணாம்பு மண்ணுக்கும் நடுநிலை மண்ணுக்கும் ஏற்றது ஓல்சன் என்பாரும் அவருடன் உழைத்தோரும் 1954இல் அமெரிக்காவில் வகுத்த முறை. இதில் சோடியம் பைகார்பனேட் கரைசல் பயன்படுகிறது. நம் வீட்டுச் சமையலுக்கு வாங்கும் ஆப்பச் சோடாவும் இப்பொருளே. ஆய்வுக்கூடத்தில் இதனைக் குறித்த வலிமையில் கரைத்து, கார அமில நிலை 8.5 ஆகுமாறு செய்கின்றனர். 2.5 கிராம் மண்ணுக்கு 50 மில்லி லிட்டர் கரைசல் ஊற்றி 30 நிமிடம் குலுக்குகின்றனர். கரைசலிலுள்ள பைகார்பனேட், கால்சியத்தைச் சுண்ணாம்பாக மாற்றிப் படியச் செய்கிறது. பற்றியிருந்த கை விலகியதும் மணிச்சத்து கரைசலில் இறங்குகிறது.

புளிப்பு மண்ணுக்கு ஏற்றது, பிரே, கர்ட்ஸ் என்னும் இருவர் 1945இல் வகுத்த முறை. இதில் நீர்த்த ஹைட்ரோ குளோரிக் அமிலமும் அம்மோனியம் புளோரைடும் கலந்திருக்கும். புளோரைடு அலுமினியத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ள, மணிச்சத்து விடுபடுகிறது. இதே கரைசலைச் சுண்ணாம்புக் கரிசலில் ஊற்றினால் என்ன ஆகும்? மண்ணிலுள்ள சுண்ணாம்பு அமிலத்தைத் தின்றுவிடும். கரைசல் வலிமை இழக்கும். கிட்டும் சத்து குறைவாகவே தோன்றும். மண் ஏழை அன்று. அளந்த படிதான் தவறு. ஆகவே அட்டையில் எண்ணைப் பார்க்கும்போது, அது எம்முறையால் பெறப்பட்டது என்பதையும் பார்த்தல் வேண்டும். ஒரு முறையின் எண்ணை மற்றொரு முறையின் எல்லையோடு ஒப்பிடலாகாது.

கரைசலில் இறங்கிய மணிச்சத்தை அளப்பதற்கு மாலிப்டினம் சேர்ந்த ஒரு மருந்தைக் கலக்கின்றனர். நீல நிறம் தோன்றுகிறது. சத்து மிகுந்தால் நீலம் ஆழ்ந்திருக்கும், குறைந்தால் வெளிறியிருக்கும். அந்நிறத்தின் ஆழத்தைக் கருவி அளந்து எண்ணாகத் தருகிறது.

ஏனைய சத்துக்கள்

சாம்பல் சத்திற்கு அம்மோனியம் அசிடேட் கரைசலைப் பயன்படுத்துகின்றனர். அம்மோனியமும் பொட்டாசியமும் ஏறத்தாழ ஒரே பருமன் உடையவை. களிமண் துகளின் மேல் பொட்டாசியம் அமர்ந்திருக்கும் இடத்தில் அம்மோனியம் வந்து அமர, பொட்டாசியம் இறங்கிக் கரைசலுக்கு வருகிறது. அக்கரைசலைச் சுடரில் தெளித்தால், பொட்டாசியத்திற்கே உரிய ஒளி எழும். அவ்வொளியைச் சுடர் ஒளிமானி என்னும் கருவி அளக்கிறது.

தழைச்சத்தின் கதை வேறு. மண்ணிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி மக்கினுள் அடங்கியிருக்கிறது. நுண்ணுயிர்கள் மக்கைச் சிதைக்கும்போது அது சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. 1956இல் நம் நாட்டு அறிஞர்களான சுப்பையாவும் அசிஜாவும் வெளியிட்ட முறையில், காரம் கலந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை மண்ணுடன் காய்ச்சுகின்றனர். எளிதில் சிதையத்தக்க மக்கின் பகுதி சிதைந்து அம்மோனியா ஆவியாக வெளிவருகிறது. அதனைப் பிடித்து அளக்கின்றனர். ஆயினும் தழைச்சத்து, மழையாலும் வெப்பத்தாலும் பாய்ச்சும் நீராலும் விரைந்து மாறுவது. ஆகவே இந்த எண்ணை, மணிச்சத்தின் எண்ணைப் போல் உறுதியானதாகக் கொள்ளாது, நிலத்தின் இயல்பைக் காட்டும் குறியாகவே கொள்ளுதல் நன்று. மக்கின் அளவைக் காட்டும் அங்ககக் கரிம எண்ணையும் இதனுடன் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். அது நூற்றுக்கு 0.5க்குக் கீழ் இருந்தால் குறைவு என்றும், 0.75க்கு மேல் இருந்தால் மிகுதி என்றும் கொள்வர்.

துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு, தாமிரம் ஆகிய நுண்சத்துக்களுக்கு லிண்ட்சே, நார்வெல் என்போர் 1978இல் வெளியிட்ட டி.டி.பி.ஏ. கரைசல் முறை வழங்குகிறது. நண்டு தன் கொடுக்குகளால் இரையைப் பற்றுவது போல, இப்பொருள் உலோகச் சத்துக்களைப் பற்றி எடுக்கிறது. 10 கிராம் மண்ணை 20 மில்லி லிட்டர் கரைசலில் 2 மணி நேரம் குலுக்க வேண்டும். நெல்லில் துத்தநாகக் குறைவால் தோன்றும் ‘கைரா’ என்னும் நோயின் காரணத்தை 1966இல் பந்த்நகரில் ஒய். எல். நெனே கண்டறிந்த பின்னரே, இச்சத்தின் அருமையை நாடு நன்கு உணர்ந்தது. போரானை வெந்நீரிலும், கந்தகத்தை நீர்த்த கால்சியம் குளோரைடு கரைசலிலும் இறக்கி அளப்பர்.

எண்ணுக்குப் பொருள் வந்த விதம்

கரைசலில் இறங்கிய சத்து ஹெக்டேருக்கு 11 கிலோ என்று அட்டை கூறுவதாகக் கொள்வோம். பயிர் 11 கிலோவையே எடுக்கும் என்பது இதன் பொருள் அன்று. இவ்வெண் ஒரு குறி. காய்ச்சல்மானியில் தெரியும் எண் உடம்பின் நிலையைக் காட்டுகிறது. ஆயினும் எத்தனை இருந்தால் காய்ச்சல் என்பதைப் பலரைச் சோதித்த அனுபவமே கூறிற்று. அதுபோலப் பல ஊர்களில், பல வயல்களில் மண்ணைச் சோதித்து, அங்கேயே உரமிட்டும் இடாமலும் பயிர் செய்து, எந்த எண்ணுக்குக் கீழ் உரமிட்டால் விளைவு கூடுகிறது, எந்த எண்ணுக்கு மேல் உரமிட்டும் விளைவு கூடவில்லை என்று கண்டனர். அவ்வாறு பிறந்தவையே ‘குறைவு, நடுத்தரம், மிகுதி’ என்னும் மூன்று பிரிவுகள்.

நம் மாநிலத்தில் வழங்கும் எல்லைகள் வருமாறு. தழைச்சத்து ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழ் இருந்தால் குறைவு. 280 முதல் 450 வரை நடுத்தரம். அதற்கு மேல் மிகுதி. மணிச்சத்து, ஓல்சன் முறையில், 11 கிலோவுக்குக் கீழ் குறைவு. 11 முதல் 22 வரை நடுத்தரம். அதற்கு மேல் மிகுதி. சாம்பல் சத்து 118 கிலோவுக்குக் கீழ் குறைவு. 118 முதல் 280 வரை நடுத்தரம். அதற்கு மேல் மிகுதி. துத்தநாகம் பத்து லட்சத்தில் 1.2 பங்குக்குக் குறைந்தால் பற்றாக்குறை எனக் கொள்வர்.

மூன்று பிரிவுகளுக்கு மேலும் நுட்பமான வழி ஒன்றை 1967இல் பி. ராமமூர்த்தியும் அவருடன் உழைத்தோரும் கோதுமைப் பயிரில் செய்து காட்டினர். ஒரு குவிண்டால் மணி விளையப் பயிர் எவ்வளவு சத்தை எடுக்கிறது, மண் சோதனையில் கண்ட சத்தில் எத்தனை விழுக்காடு பயிருக்குச் சேர்கிறது, இட்ட உரத்தில் எத்தனை விழுக்காடு சேர்கிறது என்னும் மூன்றையும் கண்டால், வேண்டும் விளைவைக் குறித்துக்கொண்டு அதற்குரிய உரத்தைக் கணக்கிடலாம் என்பது அவர்கள் கண்ட நெறி. அகில இந்திய அளவில் இவ்வாராய்ச்சி விரிவடைந்தது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதன் மையங்களில் ஒன்றாய் அமைந்து, நம் பயிர்களுக்கும் நம் மண் வகைகளுக்கும் உரிய கணக்குகளைத் தந்துள்ளது.

ஒன்றை மறத்தல் ஆகாது. ஒரே எண் எல்லாப் பயிருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. நன்செய்யில் தண்ணீர் கட்டியதும் மண்ணில் காற்றுக் குன்றுகிறது. இரும்போடு பிணைந்திருந்த மணிச்சத்தில் ஒரு பகுதி அப்போது விடுபடுகிறது. ஆகவே அதே வயலில் மணிச்சத்து உரத்திற்கு நெல் இணங்காமல் நிற்க, அடுத்து வரும் உளுந்தோ நிலக்கடலையோ இணங்குதல் கூடும். எப்பயிருக்கு என்று கூறாமல் பரிந்துரை கேட்பது, நோயாளியின் வயதைக் கூறாமல் மருந்து கேட்பது போன்றது.

கைப்பிடி மண்ணில் அடங்கும் வயல்

ஆய்வுக்கூடத்தின் கருவிகள் எவ்வளவு நுட்பமாயினும், அவை அளப்பது நாம் கொடுத்த மண்ணையே. ஒரு ஹெக்டேரின் 22,40,000 கிலோ மண்ணில், மணிச்சத்துச் சோதனைக்கு எடுக்கப்படுவது 2.5 கிராம். அதாவது ஏறத்தாழ 90 கோடியில் ஒரு பங்கு. அந்தச் சிறு பங்கு முழு வயலுக்கும் சாட்சி கூற வேண்டும். சாட்சி பிறழ்ந்தால் தீர்ப்பும் பிறழும். ஆகவே மண் பரிசோதனையின் மிகப் பெரிய பொறுப்பு ஆய்வுக்கூடத்தில் இல்லை. மாதிரி எடுக்கும் உழவர் கையில் இருக்கிறது.

முதலாவது, தன்மை வேறுபட்ட வயல்களின் மண்ணை ஒன்றாகக் கலக்கலாகாது. ஒரு வயலில் மணிச்சத்து 30 கிலோ. அடுத்த வயலில் 6 கிலோ எனக் கொள்க. இரண்டையும் சமமாகக் கலந்து அனுப்பினால் 18 கிலோ என்று விடை வரும். ‘நடுத்தரம்’ என்று அட்டை கூறும். இரு வயல்களில் ஒன்றுகூட நடுத்தரம் அன்று. பொதுப் பரிந்துரை ஏக்கருக்கு 20 கிலோ மணிச்சத்து என வைத்துக்கொள்வோம். மிகுதியான வயலுக்கு அதில் கால் பங்கு குறைத்து 15 கிலோவும், குறைவான வயலுக்குக் கால் பங்கு கூட்டி 25 கிலோவும் இடுவது வழக்கம். நூற்றுக்கு 16 பங்கு சத்துள்ள சூப்பர் பாஸ்பேட்டில் கணக்கிட்டால், முதல் வயலுக்கு 94 கிலோ போதும். இரண்டாம் வயலுக்கு 156 கிலோ வேண்டும். கலந்த மாதிரியை நம்பினால் இரண்டிற்கும் 125 கிலோ இடுவோம். ஒன்றில் 31 கிலோ வீண். மற்றொன்றில் 31 கிலோ பற்றாக்குறை. செலவும் செய்து, விளைவும் இழக்கிறோம்.

இரண்டாவது, இடத்தேர்வு. வரப்பின் ஓரம், வாய்க்கால் ஓரம், மர நிழல், எருக்குவித்த இடம், கிணற்றடி ஆகியவற்றை விலக்க வேண்டும். வயல் முழுதும் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களில் எடுக்க வேண்டும். மேலுள்ள சருகையும் புல்லையும் ஒதுக்கிவிட்டு, ‘V’ வடிவில் குழி வெட்டி, குழியின் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழ் வரை ஒரே கனமாகச் சீவி எடுக்க வேண்டும். நெல், கேழ்வரகு, கம்பு, நிலக்கடலை ஆகியவற்றிற்கு 15 செ.மீ. ஆழமும், பருத்தி, கரும்பு, வாழை, மரவள்ளி ஆகியவற்றிற்கு 22.5 செ.மீ. ஆழமும் கொள்ள வேண்டும். தோப்புப் பயிர்களுக்கு 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனியே எடுத்தல் வேண்டும்.

மூன்றாவது, பங்கிடுதல். எடுத்த மண்ணைச் சுத்தமான தாளின் மேல் பரப்பி, கட்டிகளை உடைத்து நன்கு கலந்து, நான்கு பாகமாக்கி, எதிரெதிர் இரு பாகங்களை நீக்க வேண்டும். எஞ்சியதை மீண்டும் கலந்து மீண்டும் பங்கிட வேண்டும். அரை கிலோ மிஞ்சும் வரை இவ்வாறு செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் இட வேண்டும்.

நான்காவது, தூய்மை. உர மூட்டையில் மண் அனுப்பலாகாது என்பதை நாம் பன்முறை கூறக் கேட்டிருக்கலாம். அதன் காரணத்தைக் கணக்கால் காண்போம். 25 மில்லி கிராம் எடையுள்ள ஒரே ஒரு டி.ஏ.பி. குருணை, அரை கிலோ மாதிரியில் கரைந்துவிட்டதாகக் கொள்க. அதில் 5 மில்லி கிராம் பாஸ்பரஸ் உண்டு. அரை கிலோவில் 5 மில்லி கிராம் என்பது கிலோவுக்கு 10 மில்லி கிராம். ஹெக்டேர்க் கணக்கில் ஏறத்தாழ 22 கிலோ. குறைவான வயலை மிகுதியான வயலாகக் காட்ட ஒரு குருணையே போதும். அந்த அட்டையை நம்பி உரத்தைக் குறைக்கும் உழவரின் நிலை யாதாகும்? இவ்வாறே நுண்சத்துச் சோதனைக்கு மண் எடுக்கும்போது, இரும்பு மண்வெட்டியால் சீவிய முகத்தை மூங்கில் பட்டையால் சுரண்டி நீக்கிவிட்டு எடுக்க வேண்டும். துத்தநாகம் பூசிய வாளியைப் பயன்படுத்தலாகாது. உரமிட்ட உடன் மண் எடுப்பதும் தவறு. அறுவடைக்குப் பின், அடுத்த பயிருக்கு உரமிடும் முன் எடுப்பதே தக்கது.

அட்டையைப் படித்தல்

அட்டை கையில் வந்ததும் முதலில் கார அமில நிலையையும் மின்கடத்தும் திறனையும் பார்க்க வேண்டும். கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை இருந்தால் பெரும்பாலான சத்துக்கள் நன்கு கிட்டும். களர் நிலமாயின் உரத்தைக் கூட்டுவதற்கு முன் நிலத்தைச் சீர்திருத்த வேண்டும். மின்கடத்தும் திறன் 1க்குக் கீழ் இருந்தால் உப்பினால் தீங்கு இல்லை எனக் கொள்ளலாம்.

அடுத்து, எண் ஏக்கருக்கா ஹெக்டேருக்கா என்று பார்க்க வேண்டும். ஹெக்டேருக்கு 11 கிலோ என்பது ஏக்கருக்கு ஏறத்தாழ 4.5 கிலோவே. இதனைக் கவனியாது விடுவதால் குறைவு மிகுதியாகவும், மிகுதி குறைவாகவும் தோன்றும்.

மூன்றாவதாக, அட்டையில் பாஸ்பரஸ் என்று குறித்திருப்பதும் உர மூட்டையில் குறித்திருப்பதும் ஒன்றல்ல. மூட்டையில் உள்ள எண் பாஸ்பரஸ் பென்டாக்சைடு அளவு. ஒரு கிலோ பாஸ்பரஸ் 2.29 கிலோ பென்டாக்சைடுக்குச் சமம். ஒரு கிலோ பொட்டாசியம் 1.2 கிலோ பொட்டாசியம் ஆக்சைடுக்குச் சமம். மண்ணில் கண்ட எண்ணை மூட்டையின் எண்ணிலிருந்து நேரே கழிக்கலாகாது.

துத்தநாகம் குறைவு என்று வந்தால், நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை உலர்ந்த மணலுடன் கலந்து, நடவுக்கு முன் வயலில் தூவலாம். மணிச்சத்து உரத்துடன் அதனைக் கலக்கலாகாது. கலந்தால் ஒன்றையொன்று பிணைத்துக்கொண்டு பயிருக்குக் கிட்டாமற் போகும்.

பஞ்சாயத்தின் பங்கு

மண்வள அட்டைத் திட்டத்தில் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்றும், மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்றுமாக மாதிரி எடுக்கும் முறை வகுக்கப்பெற்றது. பாசன நிலத்தின் 2.5 ஹெக்டேர் என்பது ஆறேகால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நம் ஊர்களில் அதற்குள் பலருடைய வயல்கள் அடங்கிவிடும். அவர்கள் அனைவர்க்கும் ஒரே எண் கிடைக்கும். அவ்வட்டாரத்தின் பொது நிலையை அறிய அது உதவும். ஆயினும் எருவிட்டு வளர்த்த வயலையும், மேடு வெட்டிச் சமன் செய்த வயலையும் அந்த ஒரே எண் காட்டமாட்டாது. அத்தகைய வயலுக்கு உடையவர் தாமே மாதிரி எடுத்து அனுப்புதல் வேண்டும். முன்னே கண்ட 30, 6, 18 என்னும் கணக்கை இங்கே நினைவிற் கொள்க.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்கவை பல. கோடையில் வயல்கள் காலியாக இருக்கும் காலத்தே, வேளாண்மை அலுவலரை அழைத்து, ஒரு வயலில் மாதிரி எடுக்கும் முறையை எல்லாரும் காணச் செய்து காட்டலாம். ஊரின் நில வரைபடத்தில் கரிசல், செம்மண், வண்டல், களர் ஆகிய பகுதிகளைக் குறித்து வைக்கலாம். இளைஞர் சிலரைப் பழக்கி, மாதிரிகளை ஒருங்கே சேர்த்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பலாம். வந்த முடிவுகளைக் கிராம சபையில் படித்து, எப்பகுதியில் எச்சத்து மிகுதி, எது குறைவு என்று ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். எழுத்தறியாத உழவர்க்கும், குத்தகைக்கு உழுவோர்க்கும் அட்டையைப் படித்துச் சொல்ல ஒருவரை அமர்த்தலாம். பட்டா உடையவரிடம் அட்டை இருக்க, உழுபவர் உரமிடுவது பல இடங்களில் உள்ள நிலை. எண் உழுபவரின் செவிக்கு எட்டாவிடில் சோதனையால் பயன் இல்லை.

கூட்டத்தில் கலந்து எண்ணுவதற்குரிய வினாக்கள் சிலவற்றை இங்கே தருகிறோம்:

1. நம் ஊரில் மாதிரி எடுத்த வயல்கள் எவை? எடுக்காதவை எவை?

2. நம் மண் சுண்ணாம்பு மண்ணா, புளிப்பு மண்ணா? மணிச்சத்தை எம்முறையால் அளந்திருக்கின்றனர்?

3. அட்டையில் ‘மிகுதி’ என்று கண்டும் உரத்தைக் குறைக்காதவர் உளரா? அதற்கு அவர் கூறும் காரணம் யாது?

4. சென்ற முறை கண்ட எண்ணுக்கும் இம்முறை கண்ட எண்ணுக்கும் வேறுபாடு உண்டா? அதற்கிடையே நிலத்திற்கு நாம் செய்தது என்ன?

மூன்றாம் வினாவை எளிதாகத் தள்ளிவிடலாகாது. உரத்தைக் குறைத்து, விளைவும் குறைந்துவிட்டால் என் செய்வது என்னும் அச்சம் இயல்பே. அந்த அச்சத்தைச் சொல்லால் போக்க இயலாது. வயலின் ஒரு மூலையில் ஐந்து சென்ட் அளவுக்கு வரப்பிட்டு, அங்கே அட்டை கூறியபடியும், எஞ்சிய இடத்தில் வழக்கம் போலவும் உரமிட்டு, இரண்டையும் தனித்தனியே அறுத்து அளந்து பார்க்கலாம். ராதாம்ஸ்டெட்டில் டையர் தம் கரைசலை வயலோடு ஒப்பிட்டதும் இவ்வாறே. ஆய்வுக்கூடத்தின் எண்ணை நம் வயலிலேயே நாம் சோதித்துக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. ஐந்து சென்ட் நிலத்தில் வரும் வேறுபாடு ஒரு குடும்பத்தைத் தாழ்த்திவிடாது. அங்கே பெறும் அறிவோ ஊர் முழுவதற்கும் உதவும்.

நிலம் வாய் திறந்து பேசாது. பயிர் பேசும், ஆனால் இலை வெளுத்து, கதிர் சுருங்கிய பின்னரே பேசும். அதற்குள் பருவம் கடந்துவிடும். விதைக்கும் முன்னரே நிலத்தின் நிலையை அறிய அரை கிலோ மண்ணும் அரை நாள் உழைப்பும் போதும். வரும் கோடையில், உழவு தொடங்கும் முன், ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் எல்லைக்குட்பட்ட வயல்களின் மாதிரிகளை முறையாக எடுத்து அனுப்பும் பணியை மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.